இன்னொரு பழைய டூரிங் சைக்கிள் வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு படம் வரும். மங்கிய நீல ஃபிரேம், காற்றுப் போன டயர்கள், கிழிந்து தொங்கும் ஹேண்டில்பார் டேப், பின்னால் பை மாட்டும் கேரியர். கீழே ஒரே வரி: "1983 மாடல், ஒரே கையில் இருந்தது." தூங்கப் போவதற்குள் அதற்குச் சுவரில் எந்தக் கொக்கி என்பதுவரை முடிவு செய்திருப்போம்.

சைக்கிள் பித்துப் பிடித்தவர்களிடையே ஒரு வேடிக்கைக் கணக்கு உண்டு. ஒருவருக்கு எத்தனை சைக்கிள் தேவை என்றால், இப்போது இருப்பதைவிட ஒன்று கூடுதலாகத் தேவையாம். சிரித்துவிட்டுப் போக வேண்டிய கணக்கு இது. நான் அதை நம்பிச் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். விளைவு, ஏழு சைக்கிள்கள், அதில் ஓடும் நிலையில் நான்கு, உண்மையில் ஓட்டுவது இரண்டு.

மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவதற்கான இந்தப் பழைய டூரிங் சைக்கிள்களை எப்படி வாங்குவது என்பதைவிட, வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் இங்கே விஷயம். அந்த முடிவில் முக்கால் பங்கை சைக்கிளை நேரில் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நேரில் போய் நின்று, ஒருமுறை பெடலைச் சுற்றி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் புத்தி வேலை செய்யாது. அதனால் படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதல் படி: உங்களிடம் இருப்பவற்றை வெளியே எடுங்கள்

மனக்கணக்கு வேண்டாம். ஒவ்வொன்றையும் கொக்கியிலிருந்து இறக்கி வெளியே நிறுத்துங்கள். டயரை அழுத்திப் பாருங்கள். கடைசியாக எப்போது ஓட்டினோம் என்று நம் நினைவு பொய் சொல்லும், டயர் சொல்லாது. ஒரு தாளில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் மூன்று விஷயங்கள் எழுதுங்கள்: கடைசியாக எங்கே போனது, இப்போது அதில் என்ன வேலை பாக்கி, அந்த வேலைக்கு வேண்டிய பாகம் கையில் இருக்கிறதா.

இரண்டாவது விஷயத்தில்தான் உண்மை வெளியே வரும். "பின் சக்கரம் பெண்டு எடுக்கணும்" என்று ஒரு மாலை வேலையாக ஆரம்பித்தது, "ரிம் தேய்ந்துவிட்டது, அதே துளைக் கணக்கில் வேறு ரிம் தேடணும்" என்று இரண்டு வருடமாக நிற்கும். என்னுடைய விதி சுலபமானது: முடிக்காத வேலை இரண்டு சைக்கிளில் இருந்தால் மூன்றாவது பழைய சைக்கிள் வீட்டுக்குள் வராது. எவ்வளவு அழகானதாக இருந்தாலும் சரி. இந்த விதியை நான் இரண்டு முறை மீறியிருக்கிறேன், இரண்டு முறையும் புதிதாக வந்தது பழையதன் பாகங்களைத் தின்றுதான் ஓடியது. கடைசியில் ஓடாத சைக்கிள் ஒன்று கூடியது.

நீங்கள் ஓட்டுவதற்காகச் சேர்ப்பவரா, பார்ப்பதற்காகச் சேர்ப்பவரா என்பதையும் இங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தப்பில்லை. சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கென்றால் அளவும் கியரும் பெரிய விஷயமே இல்லை, கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ஓட்டுவதற்கு என்று சொல்லிக்கொண்டு பார்ப்பதற்கு வாங்குவதுதான் சிக்கல்.

இரண்டாம் படி: இடைவெளி எங்கே இருக்கிறது?

"டூரிங்" என்ற சொல்லைப் பழைய சைக்கிள் விற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். வளைந்த ஹேண்டிலும் மட்கார்டும் இருந்தால் போதும், டூரிங் ஆகிவிடும். ஆகவே முதலில் இது எந்தக் குடும்பம் என்று பாருங்கள்.

1970களின் தொடக்கத்தில் வந்த பெரும்பாலான பத்து கியர் சைக்கிள்கள் பந்தய சைக்கிளின் சாயலில் செய்யப்பட்டவை. முன்னால் 52, 40 பற்கள், பின்னால் 14 முதல் 28 வரை. இதில் மிகச் சிறிய கியரைக் கணக்குப் போடுங்கள்: 40ஐ 28ஆல் வகுத்து, சக்கரத்தின் 27 அங்குலத்தால் பெருக்கினால் சுமார் 38½ அங்குலம். இந்த எண் குறையக் குறைய மிதிப்பது லேசாகும். மூட்டை முடிச்சோடு மேடு ஏற இவ்வளவு சிறியது போதாது. உண்மையான டூரிங் சைக்கிளில் முன்னால் மூன்று பல்சக்கரம், அதில் சிறியது 28, பின்னால் பெரியது 34 என்று இருக்கும். அதே கணக்கில் 22 அங்குலம். முழங்கால் இந்த வித்தியாசத்தை உடனே சொல்லிவிடும்.

மற்ற அடையாளங்களும் உண்டு. பின் சக்கரத்து ஆக்ஸிலிலிருந்து பெடல் ஆக்ஸில் வரை உள்ள நீளம் டூரிங் சைக்கிளில் அதிகம், பையில் குதிகால் இடிக்காமல் இருக்க. சாதாரண ரோடு சைக்கிளில் 41, 42 செ.மீ. என்றால் இதில் 44, 45. டிரெக் 720 இதில் 47 வரை போயிற்று. ஃபிரேமில் பற்றவைத்த முளைகளில் மாட்டும் கேன்டிலீவர் பிரேக், 36 அல்லது 40 போக்ஸ் கம்பி உள்ள பின் சக்கரம், ஃபோர்க்கிலும் பின்புறத்திலும் கேரியர் திருகுவதற்கான மரைத் துளைகள், மட்கார்டு போட்ட பிறகும் அகலமான டயருக்கு இடம். இவை எல்லாம் ஒன்றாக இருந்தால் அது சுமை தூக்கப் பிறந்த வண்டி.

குடும்பங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆசையின் ருசியே அங்கேதான். பிரெஞ்சு மரபில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பாரிஸ் பட்டறைகள் செய்த ராந்தொனோஸ் என்ற நெடுந்தூர வண்டிகள்: மட்கார்டு, விளக்கு, முன் கேரியர் எல்லாம் ஃபிரேமோடு சேர்த்தே யோசித்துச் செய்தவை, பல 650பி என்ற சற்றுச் சிறிய சக்கரத்தில் ஓடுபவை. முன்னால் ஒரு பை, பகல் முழுக்க ஓட்டம் என்பது அவற்றின் கணக்கு. பிரிட்டனில் சைக்கிள் பயணிகளுக்கான சங்கமே 1878இல் தொடங்கியது. அங்கே டாஸ் நிறுவனத்தின் கேலக்ஸி 1970களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பயணிகளைச் சுமந்தது. அமெரிக்காவில் 1976இல் நாட்டைக் குறுக்கே கடந்த பைக்சென்டெனியல் பயணத்தில் 4,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அந்த அலை ஓய்வதற்குள், 1980களின் முதல் பாதியில், டிரெக் 720, ஸ்பெஷலைஸ்டு எக்ஸ்பெடிஷன் போன்றவை வந்தன. ஜப்பானிலிருந்து மியாட்டா 1000, ஃபூஜி வண்டிகள், தனிப்பட்டறை வகையில் டோயே. பிறகு மவுன்டன் பைக் மோகம் வந்தது, பல நிறுவனங்களின் டூரிங் வரிசைகள் சுருங்கிப்போயின. ஆகவே சுமை வண்டி தேடுபவர்கள் சுற்றிச் சுற்றி 1980களின் முதல் பாதியிலேயே வந்து நிற்பது தற்செயல் இல்லை.

இப்போது கேள்வி. உங்களிடம் ஏற்கெனவே ஜப்பானிய சுமை வண்டி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, வந்திருப்பதும் அதே காலத்து ஜப்பானிய சுமை வண்டி என்றால், அது இடைவெளியை நிரப்பவில்லை, போட்டிக்கு வருகிறது. அப்போது "வாங்கலாமா" என்று கேட்காதீர்கள். "இதற்காக அதைக் கொடுப்பேனா" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் இங்கேயே நின்றுவிடலாம். வேறு குடும்பம் என்றால், உங்கள் மற்ற சைக்கிள்கள் எதுவும் சரியாகச் செய்யாத எந்தப் பயணத்தை இது செய்யும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பாதை, மாதம், கூட எடுத்துப் போகும் சாமான் மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "எப்பவாவது ஒரு நீண்ட பயணம்" என்று எழுதினால் செல்லாது.

மூன்றாம் படி: அளவு

இதில் பேரம் கிடையாது. உங்கள் அளவு இல்லையென்றால் வேண்டாம். "சீட்டை ஏத்திக்கலாம், ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மை மாத்திக்கலாம்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது எல்லாம் படத்தைப் பார்த்த மயக்கம்.

விற்பவர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சீட் குழாயை ஒருவர் பெடல் ஆக்ஸிலின் நடுவிலிருந்து மேல் குழாயின் நடு வரை அளப்பார், இன்னொருவர் சீட் குழாயின் உச்சி வரை அளப்பார். ஒரே ஃபிரேம் ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசப்படும். எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள், கூடவே மேல் குழாயின் நீளத்தையும் கேளுங்கள். உங்களுக்கு மிகவும் பொருந்திய சைக்கிளின் அந்த இரண்டு அளவுகளும் பர்ஸில் ஒரு துண்டுத் தாளில் எப்போதும் இருக்கட்டும். உயரத்தை ஓரளவு சமாளிக்கலாம். மேல் குழாய் நீளம் தவறினால் கழுத்தும் மணிக்கட்டும் சொல்லும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தக் காலத்தில் பெரிய ஃபிரேம் எடுத்து, சீட் பில்லர் ஒரு கைப்பிடி அளவே வெளியே தெரியும்படி ஓட்டுவதுதான் வழக்கம். அதனால் இன்றைய சைக்கிளில் உங்கள் அளவு என்னவோ, பழையதில் அதைவிடச் சற்றுப் பெரியதும் சரியாக உட்காரலாம்.

நான்காம் படி: மரையும் மில்லிமீட்டரும்

இந்தப் படியை விட்டுவிட்டு நான் ஒரு பிரெஞ்சு ஃபிரேம் வாங்கினேன். அழகான பற்றுவேலை, உதிராத பெயிண்ட். பெடல் ஆக்ஸில் உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் கப் மட்டும் தேய்ந்திருந்தது. சாதாரண விஷயம், மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சரியான மரையில் கப் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அத்தனை மாதமும் அந்த ஃபிரேம் துணி காயப்போடும் இடமாகத்தான் பயன்பட்டது.

அந்தப் பாட்டம் பிராக்கெட்டிலிருந்தே தொடங்குவோம். பிரிட்டிஷ் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை. இது இன்றும் சுலபமாகக் கிடைக்கும், ஜப்பானிய வண்டிகளிலும் பெரும்பாலும் இதுதான். இத்தாலியன் 36 மி.மீ., 24 மரை, இரண்டு பக்கமும் வலது மரை. பழைய பிரெஞ்சு 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ., இரண்டு பக்கமும் வலது. சுவிஸ் என்பது பிரெஞ்சு அளவேதான், ஆனால் செயின் பக்கம் இடது மரை. பழைய ராலே வண்டிகள் பலவற்றில் 26 மரை. தெரியாமல் முறுக்கினால் மரை போய்விடும், மரை போனால் ஃபிரேமும் போன மாதிரிதான்.

பிரெஞ்சு வண்டியில் வித்தியாசம் அதோடு நிற்காது. ஸ்டெம்மின் விட்டம் 22.2க்குப் பதில் 22.0 மி.மீ., ஃபோர்க் தண்டின் வெளி விட்டம் 25.4க்குப் பதில் 25.0, பெடல் மரை 14 மி.மீ., ஃப்ரீவீல் மரையும் தனி. ஸ்ட்ராங்லைட், டி.ஏ. என்ற பிரெஞ்சு நிறுவனங்களின் கிராங்குகளை, அதாவது பெடல் மாட்டும் கைகளை, கழற்றும் கருவிகூட வேறு அளவு. சாதாரண 22 மி.மீ. கருவியை டி.ஏ. கிராங்கில் திணித்து மரையைக் கெடுத்தவர்கள் நிறைய. இதெல்லாம் பயமுறுத்த இல்லை. பிரெஞ்சு வண்டி வாங்கினால் அதன் நல்ல பாகங்கள் எல்லாம் கூடவே வர வேண்டும் என்பதுதான் விஷயம். பாகங்கள் இல்லாத வெறும் பிரெஞ்சு ஃபிரேம் உங்கள் முதல் பிரெஞ்சு ஃபிரேமாக இருக்கக் கூடாது.

அடுத்து சக்கரம். 27 அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி என்ற இன்னொரு சக்கர அளவில் 622. பழைய 27 அங்குல வண்டியில் 700சி போட்டால் ரிம் 4 மி.மீ. உள்ளே போகும், பிரேக் கட்டையை அவ்வளவு கீழே இறக்க வேண்டும். காலிப்பர் பிரேக்கில் கட்டை நகரும் வெட்டு எவ்வளவு நீளம் என்று பாருங்கள், இடம் இருந்தால் வேலை முடிந்தது. கூடவே அகலமான டயருக்கும் மட்கார்டுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும், அது நல்ல லாபம். கேன்டிலீவரில் அதைத் தாங்கும் முளை ஃபிரேமிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அவ்வளவு சுதந்திரம் இல்லை. 650பியின் விட்டம் 584, 650ஏ 590. படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், டயர் வாங்கிய பிறகுதான் தெரியும் தெரியாத்தனம். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பின் ஃபோர்க்கின் உள் அகலம்: பின்னால் ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் 120 மி.மீ., ஆறு ஏழு பல்சக்கரம் இருந்த காலத்தில் 126, பிறகு 130, டூரிங், மவுன்டன் ஹப்களுக்கு 135. இரும்புக் குழாய் ஃபிரேமை ஒன்றிரண்டு படி விரிக்கலாம். பக்கத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. விரித்து, ஆக்ஸில் உட்காரும் காதுகளை இணையாகச் சரிசெய்ய வேண்டும், கியர் தொங்கும் கொக்கியையும் நேராக்க வேண்டும். அலுமினியத்திலும் கார்பனிலும் இதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

பழைய ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்க பால்ரஸ் உள்ளே தள்ளி இருக்கும், அதற்கு வெளியே ஆக்ஸில் தாங்கல் இல்லாமல் நீண்டிருக்கும். மூட்டையோடு குழியில் விழுந்தால் அங்கேதான் வளையும், உடையும். ஆக்ஸிலைக் கழற்றி ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். ஷிமானோ 1970களின் கடைசியில் கொண்டுவந்த கேசட் ஹப்பின் பெரிய நன்மை அந்த பால்ரஸை வெளியே நகர்த்தியதுதான். மையார் ஹெலிகோமேட்டிக் ஹப் இருந்தால், அதற்குப் பல்சக்கரமும் பால்ரஸும் தேடுவது தனித் தவம். பெடலில் ஷிமானோவின் டைனா டிரைவ் இருந்தாலும் அதே கதை: அதன் மரை ஒரு அங்குலம், வேறு பெடல் ஏறாது. கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பழைய சிம்ப்ளெக்ஸ் டீரெய்லரின் டெல்ரின் பிளாஸ்டிக் காலப்போக்கில் விரிசல் விடும். அதை மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்பே கணக்கில் சேருங்கள்.

கிராங்கில் இன்னொரு எண். பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 144 மி.மீ. என்றால் 41 பல்லுக்குக் கீழே பல்சக்கரம் ஏறாது, எத்தனை ஆசைப்பட்டாலும். 110/74 மூன்று அடுக்கு என்றால் நடுவில் 34, உள்ளே 24 வரை போகலாம். டி.ஏ. சிக்ளோதூரிஸ்டில் 26 வரை. இந்த ஒரு எண் உங்கள் கியர் ஆசை நிறைவேறுமா என்று சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: நேரில் பார்ப்பது

இவ்வளவும் தாண்டி வந்திருந்தால் போய்ப் பாருங்கள். அளக்கும் டேப், டார்ச், நீளமான நூல், ஆறு மி.மீ. ஆலன் சாவி, சிறு காந்தம். பணம் எடுத்துப் போக வேண்டாம், அல்லது கூட வருபவரிடம் கொடுத்து வையுங்கள். சும்மா சொல்லவில்லை.

முதலில் சீட் பில்லரையும் ஸ்டெம்மையும் தளர்த்தி அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அலுமினிய பில்லர் இரும்புக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வியர்வையும் மழையும் பட்டு இருந்தால் இரண்டு உலோகமும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெய் சில நேரம் வேலை செய்யும். கடைசி ஆயுதம் காஸ்டிக் சோடா, அது அலுமினியத்தைக் கரைக்கும், கூடவே பெயிண்டையும் கண்ணையும் கெடுக்கும். பில்லர் அசையவில்லை, உயரமும் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டி, பில்லரை அறுத்து எடுத்தவன் சொல்கிறேன்.

பில்லர் வெளியே வந்தால் அதில் அச்சிட்ட விட்டத்தைப் படியுங்கள். 27.2 என்றால் அநேகமாக நல்ல மெல்லிய குழாய், ரெனால்ட்ஸ் 531 ஃபிரேம்களில் இந்த எண்ணைப் பார்க்கலாம். 25.4, 26 என்ற சிறிய எண்கள் கனமான, சாதாரணக் குழாயைக் காட்டும். 531 ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம், பில்லரின் விட்டம் பொய் சொல்வது கஷ்டம். 1935இல் வந்த அந்தக் குழாயின் பெயருக்கு இன்னும் மவுசு இருப்பதால் இந்தச் சோதனை தேவைதான். பிரெஞ்சு வண்டிகளில் மட்டும் இந்த எண் சற்றுக் குறைவாகவே இருக்கும், அதை வைத்து ஏமாந்ததாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஃபிரேம். முன் ஃபோர்க் தண்டு உட்காரும் தலைக்குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். சின்ன மடிப்போ, குறுக்காகப் பெயிண்ட் விரிசலோ தட்டுப்பட்டால் வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது. மேல் குழாயிலும் அதே இடத்தைத் தடவுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள், ஃபோர்க்கின் மேல் பகுதி தலைக்குழாயின் கோட்டோடு சேர்ந்து போக வேண்டும், பின்னால் தள்ளியிருக்கக் கூடாது. அப்புறம் நூல்: பின் ஆக்ஸில் காதில் ஒரு பக்கம் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறு பக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் விலை குறைய வேண்டும், அல்லது நீங்கள் விலக வேண்டும்.

பெயிண்ட் சந்தேகமாகப் பளபளத்தால் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள், பட்டி பூசி மறைத்த இடத்தில் அதன் பிடி தளரும். பில்லரை எடுத்த ஓட்டையில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மேல் துருவுக்கு நான் பயப்படுவதில்லை, உள்ளே செதில் செதிலாக உதிரும் துருவுக்குப் பயப்படுவேன். பின் ஆக்ஸில் காதுகளில் மயிரிழை விரிசல், சீட் குழாயின் இறுக்கும் இடத்தில் விரிசல், கேரியர் துளைகளில் முறிந்து நிற்கும் போல்ட் ஆகியவற்றையும் பாருங்கள்.

பழைய அலுமினியப் பாகங்களை ஃபிரேமோடு சேர்த்து மதிப்பிடாதீர்கள். நாற்பது வருட ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தன என்று வெளியிலிருந்து தெரியாது. சில பழைய பிரெஞ்சு ஸ்டெம்கள் அடிப்பகுதியின் வெட்டுக்கு மேலே உடைவதில் பேர்போனவை. லாம்பர்ட், வைகவுன்ட் வண்டிகளின் அலுமினிய ஃபோர்க்குக்கு ஓட்டுபவர்கள் வைத்த பட்டப்பெயரே "சாவு ஃபோர்க்". அந்த ஃபோர்க் இருக்கும் வண்டியை ஓட்டுவதற்கு வாங்கினால் ஃபோர்க்கை முதல் நாளே கழற்றிவிடுங்கள்.

பெடல் ஆக்ஸில் இருக்கும் குழாயின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுங்கள். உற்பத்தி ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும். திருட்டு வண்டியா என்று பார்க்கவும் அதுதான் வழி. எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம்.

ஆறாம் படி: மணிக்கணக்கு

விலையை எல்லோரும் பேசுவார்கள், நேரத்தைக் கணக்கிட மாட்டார்கள். எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு பழைய சைக்கிளுக்கு டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை, செயின், ஹேண்டில்பார் டேப், ஹப், ஃபோர்க் கழுத்து, பெடல் ஆக்ஸில் என்று மூன்று இடத்திலும் புது பால்ரஸ், கிரீஸ், இவ்வளவும் நிச்சயம். இதற்குத் தனியாக ஒரு தொகை எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீவீலும் ரிம்மும் போயிருந்தால் அது இரட்டிப்பாகும். பல நேரம் கேட்கும் விலையைவிட இந்தத் தொகை பெரிதாக இருக்கும். அதனால்தான் மலிவாகக் கிடைத்த குப்பையைவிட, யாரோ பொறுமையாகச் சீர்செய்து வைத்த வண்டியை இரண்டு மடங்கு கொடுத்து வாங்குவது எனக்குப் பெரும்பாலும் லாபமாகவே இருந்திருக்கிறது.

நேரம்: முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து பூட்ட எனக்கு நான்கு முழு நாட்கள் ஆகும், எதுவும் இறுகிப் போகாமல் இருந்தால். அந்த நான்கு நாட்களில் இப்போது இருக்கும் நல்ல சைக்கிளில் எங்கே போய் வரலாம் என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். வேலைதான் உங்களுக்குச் சுகம் என்றால் இது செலவே இல்லை, வரவு. எனக்குப் பாதி பாதி. மழைக்காலத்தில் வந்த வண்டிக்கு ஒத்துக்கொள்வேன், நல்ல வெயில் மாதத்தில் வந்ததற்கு மறுத்துவிடுவேன்.

ஏழாம் படி: அதை என்ன செய்யப் போகிறீர்கள்

வாங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். அப்படியே வைப்பதா, ஓட்டத்துக்கு மாற்றுவதா? எர்ஸ், சிங்கர் மாதிரி பட்டறை வண்டியில் துளை போடுவது, பெயிண்ட் அடிப்பது, பின் ஃபோர்க்கை விரிப்பது எல்லாம் பாவம். மதிப்பும் குறையும், திரும்பவும் கொண்டுவர முடியாது. மறுபக்கம், ஆயிரக்கணக்கில் செய்த தொழிற்சாலை வண்டியைக் கோயில் சிலை மாதிரி வைத்திருப்பதும் அசட்டுத்தனம். நல்ல பிரேக் கட்டை, அகலமான டயர், சிறிய பல்சக்கரம் போட்டு ஓட்டுங்கள், கழற்றிய பழைய பாகங்களை ஒரு பெட்டியில் பேர் எழுதி வையுங்கள். அரிய வண்டியை வாங்கி, உங்களுக்கு வேண்டியது ஓட்டத்து வண்டி என்றால், தவறான வண்டியை வாங்குகிறீர்கள்.

எட்டாம் படி: இடமும் வீட்டில் இருப்பவர்களும்

இது சின்னப் படி, ஆனால் தாண்ட முடியாது. இருக்கும் கொக்கிகளில் காலியாக ஒன்று இல்லையென்றால், எந்த சைக்கிள் வெளியே போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள், முடிந்தால் அதை முதலில் அனுப்பியும் விடுங்கள். "இது வந்த பிறகு அதைக் கொடுத்துடலாம்" என்பது நடந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் வண்டி வருவதற்கு முன் சொல்லுங்கள். மூடிய காரில் ஃபிரேமை ஒளித்துக் கொண்டுவந்து, இது ரொம்ப நாளாக இங்கேதான் இருந்தது என்று சொல்லும் வித்தை ஒரு முறைதான் பலிக்கும்.

வேண்டாம் என்று சொல்வது

எல்லாப் படிகளையும் தாண்டிய வண்டி என்றால் தயங்காமல் வாங்குங்கள், அப்படிப்பட்டது அடிக்கடி வராது. மற்றவற்றுக்கு அன்றே பதில் சொல்லுங்கள். "யோசிச்சு சொல்றேன்" என்று விற்பவரை ஒரு வாரம் தொங்கவிடுவது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் ஆபத்து. உங்களுக்கு ஒத்துவராத வண்டி யாருக்கு ஒத்துவரும் என்று தெரிந்தால் அந்தத் தகவலையும் கொடுங்கள்.

அந்த நீல வண்டியை நான் போய்ப் பார்த்தேன். பில்லர் வெண்ணெய் மாதிரி வந்தது, 27.2. நூல் இரண்டு பக்கமும் ஒரே தூரம் காட்டியது. பாட்டம் பிராக்கெட் பிரிட்டிஷ் மரை, கிராங்க் 110/74. மேல் குழாய் மட்டும் என் தாளில் இருந்ததைவிட மூன்று செ.மீ. நீளம். இரண்டு முறை அளந்தேன், டேப் பிடித்தவரையும் அளக்கச் சொன்னேன். அன்று மாலையே என்னைவிட ஒரு சாண் உயரமான நண்பருக்குப் படத்தை அனுப்பினேன். இப்போது அது அவரிடம் இருக்கிறது. ஃப்ரீவீல் கழற்றும் கருவி அவரிடம் இல்லாததால் பின் சக்கரம் மட்டும் என் மேஜை மேல் கிடக்கிறது, காலியான கொக்கிக்கு நேர் கீழே.